தட்டில் என்ன இருந்தது?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையில் பிள்ளைகள் சுண்டல் எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த மேடையில் பேராசிரியர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படிப் பேச வராது. ஒரு கிராமத்துப் பள்ளியில் 33 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். சத்துணவுத் திட்டம் 1982 ஜூலையில் தொடங்கியது; இரண்டு வருடம் கழித்து வேலையில் சேர்ந்தேன். 2017இல் ஓய்வு. அதுவரைக்கும் நான் எழுதியதெல்லாம் அரிசி இருப்பு, பருப்பு இருப்பு, எண்ணெய் இருப்பு. வாசித்ததும் ஏறக்குறைய அதுதான்.

கதை வாசிக்க வந்தது என் பேத்தியால். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தமிழில் கிடைக்கும் புத்தகத்தை நான் அவளுக்கு வாசிப்பேன். ஆங்கிலத்தில் இருப்பதை அவள் வாசித்து எனக்குச் சொல்வாள். இரவு சாப்பாடு முடிந்து, பாத்திரம் கவிழ்த்த பிறகு ஒரு மணி நேரம். போன ஒரு வருடத்தில் இப்படி நாங்கள் வாசித்த சில சிறுவர் புத்தகங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆராய்ச்சி இல்லை, வாசித்தபோது மனசில் பட்டது மட்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் புத்தகத்துக்குள் போனாலும் எனக்கு ஒரே கேள்விதான். இந்தப் பிள்ளை சாப்பிட்டதா? என்ன சாப்பிட்டது? தொழில் புத்தி, விடாது. இதை வைத்துக்கொண்டே நல்ல புத்தகத்தையும் சுமாரான புத்தகத்தையும் பிரித்துவிடலாம் என்று இப்போது எனக்கு ஒரு துணிச்சல் வந்திருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் கதையே சாப்பாட்டுக் கதைதான். பாட்டி வடை சுட்டாள், காக்கா தூக்கிப் போனது, நரி பாடச் சொன்னது. இத்தனை தலைமுறையாகச் சொல்கிறோம். புகழ்ச்சிக்கு மயங்காதே என்று காக்காவுக்குப் புத்தி சொல்லி முடித்துவிடுகிறோம். பாட்டியை யாராவது கேட்டோமா? மரத்தடியில் அடுப்பு வைத்து வடை விற்கிற வயசான மனுஷி. ஒரு வடை போனால் அன்றைய கணக்கில் எவ்வளவு துண்டு விழும்? அவள் வாயில் ஒரு வடை போட்டுக்கொண்டாளா? கதை நரியோடு ஓடிவிடுகிறது. எனக்கு மனசு அடுப்படியிலேயே நின்றுவிடுகிறது.

இப்படி அடுப்படியில் நிற்கிற எழுத்தாளர்கள் உண்டா என்று தேடியபோது கிடைத்த முதல் புத்தகம் ‘டோட்டோ-சான்’. ஜப்பானில் தெத்சுகோ குரோயநாகி எழுதி 1981இல் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. இங்கே பலர் வாசித்திருப்பீர்கள். ரயில் பெட்டிகளே வகுப்பறையான தொமோயே பள்ளி, முதல் நாள் ஒரு சிறுமி பேசுவதை நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த தலைமை ஆசிரியர் கோபயாஷி. ஆசிரியர் பயிற்சிகளில் இதையெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். நான் பார்த்தது மதியச் சாப்பாட்டை.

தலைமை ஆசிரியர் பெற்றோரிடம் கேட்டது ஒன்றுதான். டப்பாவில் கடலில் கிடைப்பது கொஞ்சம், நிலத்தில் விளைவது கொஞ்சம் இருக்கட்டும். சத்து, விகிதம் என்று ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்வார்கள். அவர் ஒவ்வொரு டப்பாவாக எட்டிப் பார்த்துக்கொண்டே வருவார். டோட்டோவின் டப்பாவில் இளஞ்சிவப்பாக ஒரு துகள் இருக்கும். மீனை உதிர்த்துச் செய்தது. அது கடலா நிலமா என்று அவளுக்கே தெரியாமல் திண்டாடும் இடத்தை வாசித்துவிட்டு நானும் பேத்தியும் எங்கள் ரசத்தை அப்படிப் பிரித்துப் பார்த்தோம். புளி நிலம், மிளகு நிலம், உப்பு மட்டும் கடல்!

அந்தக் காட்சியில் தலைமை ஆசிரியருக்குப் பின்னால் ஒருவர் நடந்து வருகிறார். அவர் மனைவி. ஏப்ரன் கட்டி, இரண்டு கையிலும் இரண்டு சட்டி. ஒன்றில் கடல், ஒன்றில் நிலம். எந்தப் பிள்ளையின் டப்பாவில் எது குறைகிறதோ, கணவர் சொன்னதும் அதிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். “உன் வீட்டில் ஏன் மீன் வைக்கவில்லை?” என்று கேட்பதில்லை. அந்தப் பிள்ளை கூசிப்போகவும் இடமில்லை. கோபயாஷியைப் பற்றிப் பேசாத கல்விக் கூட்டமே இல்லை. அந்த அம்மாவைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. காலை எத்தனை மணிக்கு எழுந்து அந்த இரண்டு சட்டியை ஏற்றியிருப்பார்?

போர் நெருங்குவதையும் குரோயநாகி பண்டத்தை வைத்தே சொல்லிவிடுகிறார். ரயில் நிலையத்தில் காசு போட்டால் கேரமல் மிட்டாய் விழும் ஓர் இயந்திரம். அதில் மிட்டாய் தீர்ந்துபோகிறது, மறுபடி நிரப்பவே இல்லை. ஒரு சிறுமிக்குப் போர் வந்து சேர்கிற வழி அதுதான். 1945இல் குண்டு விழுந்து பள்ளி எரிந்துபோனது என்பது பிறகு வரும் செய்தி.

அடுத்தது ‘சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்’. ரோல்ட் டால், 1964. இதைப் பேத்தி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வாசித்தாள். எனக்குப் பாதிதான் பிடித்தது. அந்தப் பாதியை முதலில் சொல்கிறேன்.

சார்லி வீட்டில் ஏழு பேர். நான்கு கிழங்களுக்கு ஒரே கட்டில். அப்பாவுக்குப் பற்பசைக் குழாய்க்கு மூடி திருகும் வேலை, அதுவும் போய்விடுகிறது. முட்டைக்கோஸ் சூப்பே சாப்பாடு, அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. இதுவரை யாரும் எழுதிவிடலாம். பிறகு டால் ஒன்று எழுதுகிறார். சார்லி காலையில் பத்து நிமிடம் முன்னாலேயே பள்ளிக்குக் கிளம்ப ஆரம்பிக்கிறான். ஓடாமல் மெதுவாக நடந்து போகலாம் என்று. இடைவேளையில் மற்ற பிள்ளைகள் பனியை உருட்டி எறிந்து விளையாட, இவன் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறான். உடம்பில் இருக்கும் கொஞ்சம் தெம்பைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்கிறான்.

அதற்கு மேல் பேத்தியை வாசிக்க விடவில்லை. கொஞ்சம் நிறுத்து என்றேன். திங்கட்கிழமைப் பிள்ளைகள் ஞாபகம் வந்துவிட்டார்கள். சனி ஞாயிறு பள்ளி கிடையாது, மதியச் சோறும் கிடையாது. திங்கள் காலை இடைவேளையில் சில பிள்ளைகள் மைதானத்துக்கு வரமாட்டார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வந்த வாத்தியார்கள் மந்தம் என்பார்கள், சோம்பேறி என்பார்கள். எங்கள் சமையல் ஆயா மட்டும் ஒன்றும் பேசாமல் அன்றைக்கு உலையைக் கால் மணி முன்னாலேயே ஏற்றிவிடுவாள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில்தான் வந்தது. நான் வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பசித்த பிள்ளை அழும் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். பசித்த பிள்ளை அசையாமல் இருக்கும் என்று தெரிந்த எழுத்தாளர் டால். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

பிடிக்காத பாதி, தொழிற்சாலைக்கு உள்ளே. குண்டாக இருக்கும் பையன் ஆற்றில் விழுந்துவிடுகிறான், அவனைப் பாட்டுப் பாடிக் கேலி செய்கிறார்கள். நிறையத் தின்கிற பிள்ளை கெட்ட பிள்ளை என்று யார் சொன்னது? மூன்றாம் தடவை சோறு கேட்டு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் பெருந்தீனிக்காரர்கள் கிடையாது, ராத்திரிக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள். இன்னொன்று, அங்கே வேலை செய்கிற ஊம்பா-லூம்பாக்கள். முதல் பதிப்பில் அவர்கள் ஆப்பிரிக்கக் குள்ள மனிதர்கள். எதிர்ப்பு வந்த பிறகு 1973 பதிப்பில் மாற்றினார்கள். ஆனால் கூலி மாறவில்லை. கொக்கோ கொட்டைதான் கூலி! எங்களுக்கும் மாதச் சம்பளத்தைத் துவரம்பருப்பாகக் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பேத்தியிடம் கேட்டேன். அவள் சிரிப்பு அந்த இடத்தில் கொஞ்சம் நின்றது.

‘நீண்ட குளிர்காலம்’ எனக்காகவே எழுதிய புத்தகம். லாரா இங்கால்ஸ் வைல்டர், 1940. தன் சிறுவயதில் அமெரிக்காவின் டகோட்டாவில், டி ஸ்மெட் என்ற சின்ன ஊரில், 1880-81 குளிர்காலத்தை எப்படிக் கடந்தோம் என்பதைக் கதையாக எழுதியிருக்கிறார். ஒரு பனிப்புயல் ஓய்வதற்குள் அடுத்தது. தண்டவாளம் புதைந்து ரயில் நின்றுவிட்டது. ரயில் நின்றால் மாவு இல்லை, நிலக்கரி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் கை இயந்திரத்தில் போட்டு ஒருவர் மாற்றி ஒருவர் நாள் முழுக்க அரைக்கிறார்கள். விறகுக்குப் பதில் வைக்கோலை முறுக்கி முறுக்கி எரிக்கிறார்கள். அரைத்தால்தான் ரொட்டி, முறுக்கினால்தான் சூடு. கை காய்த்துப்போகிறது. நாவலில் பல பக்கத்துக்கு இது மட்டும்தான் நடக்கிறது. பேத்திக்கு அலுத்தது. எனக்கு ஒரு வரியும் அலுக்கவில்லை.

ஒரு காட்சியை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். அல்மான்சோ என்ற இளைஞன் விதைக் கோதுமையை யாரும் கேட்டுவிடாதபடி, அறைக்குள் பொய்ச் சுவர் கட்டி அதன் பின்னால் கொட்டி வைத்திருக்கிறான். லாராவின் அப்பா ஒரு வாளியோடு அங்கே வருகிறார். வாயைத் திறந்து கேட்கவில்லை. நேரே சுவரிடம் போய், அடைத்திருந்த கட்டையை உருவி, ஓட்டையின் கீழ் வாளியைப் பிடிக்கிறார். கோதுமை சரசரவென்று விழுகிறது. இந்த அறை வெளியே இருக்கிற நீளத்துக்கு உள்ளே இல்லையே என்று அவர் முன்பே கணக்குப் பார்த்திருந்தார்! கிட்டங்கியில் மூட்டை எண்ணியவர்களுக்கு இந்தக் கண் புரியும். வாளி நிறைந்ததும் கட்டையைத் திரும்பச் செருகுகிறார். காசு கொடுக்கிறார். அந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் அப்பம் சுட்டுத் தின்றுகொண்டிருக்கிறார்கள். அவரையும் உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறார்கள், சாப்பிடுகிறார். வீட்டில் பெண்டாட்டியும் நான்கு பெண்களும் காய்ந்த பழுப்பு ரொட்டியோடு இருக்கிறார்கள் என்பதை அந்த இடத்தில் வைல்டர் சொல்வதில்லை. நமக்குத்தான் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

பிறகு இரண்டு பையன்கள் உயிரைப் பணயம் வைத்துப் பனிக்குள் போய்க் கோதுமை வாங்கி வருகிறார்கள். வாங்கப் பணம் போட்ட கடைக்காரர் ஒரு புஷல் ஒன்றேகால் டாலருக்கு வந்ததை மூன்று டாலர் என்கிறார். ஊர் திரண்டு கடைக்குள் நிற்கிறது. அடிதடி இல்லை. குளிர்காலம் முடிந்த பிறகும் நீ இங்கேதானே கடை வைத்திருக்கப் போகிறாய் என்கிற பொருளில் லாராவின் அப்பா அமைதியாகப் பேசுகிறார். வாங்கின விலைக்கே விற்கவைத்து, யார் வீட்டில் எத்தனை வாய் என்று பார்த்துப் பங்கிடுகிறார்கள். வாய்க் கணக்கு! ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று ஆயுசு முழுக்க அளந்தவளுக்கு அந்த அத்தியாயம் பெரிய புராணம் மாதிரி இருந்தது.

ஒரு குறையும் சொல்லவேண்டும். வைல்டரின் இந்த வரிசைப் புத்தகங்களில் அந்த மண்ணின் பூர்வகுடிகளைப் பற்றி வரும் பேச்சு பல இடங்களில் முகம் சுளிக்கவைக்கும். அமெரிக்க நூலகர்கள் அவர் பெயரில் வைத்திருந்த பரிசின் பெயரை 2018இல் மாற்றிவிட்டார்கள். சரிதான். பேத்தியிடம் அந்த இடங்களை நான் தாண்டச் சொல்லவில்லை. அந்த நிலத்தில் அதற்கு முன் விளைந்ததை யார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் கேட்டேன்.

இனி ‘ஹைடி’. இதைச் சொல்லவேண்டாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்தேன்.

சுவிட்சர்லாந்தின் யோஹான்னா ஸ்பிரி ஜெர்மன் மொழியில் 1880-81இல் எழுதியது. மலையில் தாத்தாவோடு ஆட்டுப்பால் குடித்து, தீயில் வாட்டிய பாலாடைக் கட்டி தின்று வளர்ந்த சிறுமியை, பிராங்க்பர்ட் நகரத்தில் ஒரு பணக்கார வீட்டுக்கு, நடக்க முடியாத கிளாராவுக்குத் துணையாகக் கொண்டுபோய் விடுகிறார்கள். முதல் நாள் மேசையில் மெத்தென்று ஒரு வெள்ளை ரொட்டி இருக்கிறது. பரிமாறுகிறவரிடம், இது எனக்கா என்று கேட்டு, ஆமாம் என்றதும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறாள். ஊரில் ஆடு மேய்க்கும் பேட்டரின் பாட்டிக்குப் பார்வை இல்லை, கருப்பு ரொட்டி கடினம், மெல்ல முடியாது. அவளுக்கு. அன்றிலிருந்து தினமும் ஒன்று சேர்த்துத் துணி அலமாரிக்குள் வைக்கிறாள். வீட்டை நிர்வகிக்கும் ராட்டன்மையர் அம்மையார் ஒருநாள் அலமாரியைத் திறக்கிறார். காய்ந்த ரொட்டிக் குவியல். துணி வைக்கிற இடத்தில் ரொட்டியா, எடுத்து வெளியே கொட்டு என்று உத்தரவு.

பேத்திக்கு ராட்டன்மையர் மேல் அவ்வளவு கோபம். அரக்கி என்றாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

எங்கள் மையத்தில் வாரத்துக்கு ஒரு முட்டை போட்ட காலம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. முட்டை நாளில் மட்டும் சோற்றை அவசரமாக முடித்துவிட்டுக் கை கழுவ ஓடும். கவனித்துப் பார்த்தேன். நோட்டுத் தாளைக் கிழித்து, முட்டையைச் சுருட்டி, பாவாடைக் கொசுவத்தில் செருகியிருந்தது. உணவை வெளியே கொண்டுபோகக் கூடாது, இங்கேயே சாப்பிடவேண்டும் என்பது விதி. விதி தப்பில்லை, வெயிலில் கெட்டுப்போன முட்டையைத் தின்று பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? ஆனால் நான் விதியைச் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, “திருட்டுத்தனமா பண்ற?” என்று கேட்டேன். முட்டையை வாங்கித் தட்டில் வைத்து, என் முன்னாலேயே தின்னச் சொன்னேன். தின்றது. முட்டையில் தாளின் நீல மை ஒட்டியிருந்தது. வீட்டில் பள்ளிக்கு வராத தம்பி ஒருவன் இருக்கிறான் என்று ஆயா சாயங்காலம் சொன்னாள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை முட்டையே வேண்டாம் என்றுவிட்டது.

கதையில் கிளாரா என்ன செய்கிறாள் தெரியுமா? அழுகிற ஹைடியிடம், அந்த ரொட்டி எப்படியும் நீ ஊருக்குப் போவதற்குள் கல்லாகிவிடும், நீ போகும்போது அதே அளவு, அதற்கு மேலும், புதிதாகத் தருகிறேன் என்கிறாள். ரொட்டி கெட்டுப்போகும் என்ற விஷயத்தை அவளும் மறைக்கவில்லை. ராட்டன்மையர் சொன்னதும் கிளாரா சொன்னதும் ஒரே உண்மைதான். நடக்க முடியாத ஒரு சின்னப் பெண்ணுக்கு அதைச் சொல்லும் விதம் தெரிந்திருந்தது. தம்பியை நாளை மதியம் கூட்டிக்கொண்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 60 வயது தாண்டி, யாரோ ஒரு சுவிஸ் அம்மாள் எழுதிய கதையில் நான் எந்தப் பாத்திரம் என்று கண்டுபிடித்தேன்.

நேரம் ஆகிறது; சுண்டல் வாசனை வந்துவிட்டது. கடைசியாக ஒரு புத்தகம்.

‘சார்லட்டின் வலை’, ஈ. பி. வைட், 1952. ஒரு பன்றிக்குட்டியை ஒரு சிலந்தி காப்பாற்றுகிற கதை. படம் வரைந்தவர் கார்த் வில்லியம்ஸ். வைல்டரின் புத்தகங்களுக்கு 1953இல் புதிதாகப் படம் போட்டவரும் அவர்தான். பேத்தி கண்டுபிடித்துச் சொன்னாள். இதில் பன்றியே சாப்பாடு. கிறிஸ்துமஸுக்கு வெட்டுவார்கள் என்று தெரிந்து நடுங்குகிற வில்பர், மறுநிமிடம் தொட்டியில் இன்று என்ன ஊற்றுவார்கள் என்று ஆசையாக யோசிக்கிறது. டெம்பிள்டன் என்ற எலி எந்த நல்ல காரியத்தையும் சாப்பாடு இல்லாமல் செய்யாது. சார்லட்டின் முட்டைப் பையைக் கொண்டுவர அது கேட்கும் கூலி, தினமும் வில்பரின் தொட்டியில் தான் தின்ற பிறகுதான் வில்பர் தின்னவேண்டும் என்பது. புத்தகத்திலேயே நேர்மையான ஜீவன் அந்த எலிதான் என்பது என் கட்சி. பேத்தி ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் அத்தியாயத்தில், எட்டு வயது ஃபெர்ன் அப்பாவின் கோடாரியைப் பிடித்து இழுத்து, சோனியாகப் பிறந்த குட்டியைக் கொல்லவிடாமல் தடுக்கிறாள். அழுது சிவந்த கண்களோடு சமையலறைக்குள் வருகிறாள். அங்கே காப்பி வாசனையோடு பன்றி இறைச்சி வறுபடும் வாசனையும் இருக்கிறது. வைட் அந்த வாசனையைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். பேத்தி மெதுவாகத் தலை நிமிர்ந்து, “ஆச்சி, அப்போ ஃபெர்ன் அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டா?” என்று கேட்டாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். என் கேள்வி அவளுக்கும் வந்துவிட்டது!

இரண்டு பேருமாகப் பக்கத்தைத் திருப்பித் தேடினோம். ஃபெர்ன் மேசைக்கு வருகிறாள், அப்பா குட்டியைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கிறார், அவள் தரையில் உட்கார்ந்து அதற்குப் புட்டியில் பால் புகட்டுகிறாள். தான் சாப்பிட்டதாக எங்கேயும் இல்லை. வாசலில் பள்ளிப் பேருந்து ஒலி எழுப்புகிறது. சாப்பிடாமலே போய்விட்டாள் பாவம் என்று பேத்தி புத்தகத்தை மூடப் போனாள். இரு, இன்னும் ஒரு வரி பார் என்றேன்.

இருந்தது. ஓடு ஓடு என்று விரட்டிக்கொண்டே அம்மா ஒரு கையால் பன்றிக்குட்டியை வாங்கிக்கொள்கிறாள். இன்னொரு கையால், போகிற பிள்ளையின் கையில் ஒரு டோனட்டைத் திணிக்கிறாள்.